புதுச்சேரி கடலில் முதல் இரவு ஸ்கூபா டைவ்: முழுமையான வழிகாட்டி

முதல் இரவு டைவை, பகலில் நீங்கள் ஏற்கெனவே இறங்கிப் பார்த்த அதே இடத்தில், பகலில் போனதைவிடக் குறைந்த ஆழத்தில், குறைந்த நேரத்துக்குச் செய்யுங்கள். கீழே எழுதியிருப்பது எல்லாமே இந்த ஏற்பாட்டுக்காகத்தான். புதுச்சேரியில் ஸ்கூபா கற்றுக்கொண்ட நிறையப் பேர் சில பகல் டைவ் முடிந்ததும் "அடுத்து ராத்திரி" என்று கிளம்பிவிடுகிறார்கள். ஆசை நியாயமானது. ஆனால் பகலில் கடலடித் தரை, மேலே தெரிகிற வெளிச்சம், கூட வருகிறவர் காலில் மாட்டியிருக்கிற ஃபின் (துடுப்பு), பாறையின் விளிம்பு என்று கண் நம்மைக் கேட்காமலே பல விஷயங்களைக் கவனித்துக்கொண்டிருக்கும். இரவில் டார்ச் விழுகிற வட்டம் மட்டும்தான் கிடைக்கும். மிதப்பைச் சரிசெய்வது, காது அடைப்பை எடுப்பது, காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற கேஜ் பார்ப்பது இதெல்லாம் யோசிக்காமல் வருகிற அளவுக்குப் பழகியிருந்தால் அந்தச் சின்ன வட்டம் போதும். பழகவில்லை என்றால் டைவ் முழுக்க உங்களைக் கவனிப்பதிலேயே போய்விடும், கடலைப் பார்க்க மாட்டீர்கள்.

ஏன் போக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சூரிய வெளிச்சம் தண்ணீரில் இறங்க இறங்க சிவப்பு நிறம்தான் முதலில் காணாமல் போகும், அதனால் பகலில் 10 மீட்டர் ஆழத்தில் எல்லாம் நீலமும் பச்சையும் சாம்பலுமாகத் தெரியும். இரவில் டார்ச் வெளிச்சம் ஓரிரு மீட்டர்தான் தண்ணீரைக் கடக்கிறது, ஆகவே நிறம் அப்படியே இருக்கும். பகலில் பழுப்பாகப் பார்த்த அதே பாறை இரவில் ஆரஞ்சும் செம்மண் சிவப்புமாக எழுந்து நிற்கும். பகலில் பொந்துக்குள் ஒளிந்திருந்தவை எல்லாம் அந்த நேரத்தில்தான் வெளியே வரும். இரண்டும் சேர்ந்து பார்க்கும்போது அது வேறு இடம் என்றே தோன்றும்.

யார் இறங்கலாம்

ஸ்கூபாவின் முதல் நிலைச் சான்றிதழான ஓப்பன் வாட்டர் கட்டாயம் வேண்டும். சுற்றுலா வந்த இடத்தில் இன்ஸ்ட்ரக்டர் பிடித்துக்கொண்டு இறக்கிக் காட்டுகிற அறிமுக டைவ் மட்டும் செய்தவர்கள் இரவில் இறங்கக் கூடாது, யாராவது பணத்துக்காகச் சரி என்றாலும் நீங்கள் வேண்டாம் என்று சொல்லுங்கள். டைவிங் பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் தருகிற பேடி (PADI) அமைப்பில் இரவு டைவுக்கென்றே ஒரு தனிப் பயிற்சி இருக்கிறது, 12 வயது முடிந்திருக்க வேண்டும், மூன்று டைவ் செய்ய வேண்டும். அடுத்த நிலையான அட்வான்ஸ்டு ஓப்பன் வாட்டர் படிக்கும்போது விருப்பத் தேர்வாக ஒரு இரவு டைவைச் சேர்த்துக்கொள்ளலாம். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது இந்த இரண்டாவது வழி, ஏனென்றால் அந்தப் படிப்பில் காம்பஸும் ஆழமும் கூடவே வந்துவிடும்.

சான்றிதழ் ஒரு பக்கம் இருக்கட்டும், உண்மையான தகுதிச் சோதனை வேறு. ஒரு பகல் டைவில் 5 மீட்டர் ஆழத்தில், கையை ஆட்டாமல், மூன்று நிமிஷம் ஒரே உயரத்தில் மிதந்து நிற்க முடிகிறதா பாருங்கள். மாஸ்க்கைக் கழற்றித் திரும்ப மாட்டி, தண்ணீரை ஊதி வெளியேற்றும்போது மூச்சு தாறுமாறாகாமல் இருக்கிறதா பாருங்கள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, பிசிடி என்கிற மிதப்பு ஜாக்கெட்டில் காற்று ஏற்றுகிற பட்டன், காற்றை விடுகிற பட்டன், மூச்சு இழுக்கிற மாற்று ரெகுலேட்டர், வெயிட் பெல்ட்டின் கொக்கி இந்த நாலையும் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். இதைக் கரையிலேயே உட்கார்ந்து பழகலாம். கடைசி டைவ் செய்து பல மாதம் ஆகிவிட்டது என்றால் முதலில் ஒரு பகல் டைவ் போய் கையைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

சளி, மூக்கடைப்பு, காதுவலி இருந்தால் ஒத்திவையுங்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு போன்றவை இருப்பவர்கள் மருத்துவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்காமல் பகலிலும் இறங்கக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு ஸ்கூபாவே கிடையாது.

எந்த மாதம், எந்த நாள்

இந்தக் கரையில் அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை மறந்துவிடுங்கள். வாடைக்காற்று, மழை, தென்பெண்ணையும் கெடிலமும் சங்கராபரணியும் கொண்டுவந்து கொட்டுகிற செம்மண் தண்ணீர், அதோடு புயல். 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல் கரையைக் கடந்தது புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில்தான், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் வந்ததும் புதுச்சேரி பக்கம்தான். மழை நின்ற பிறகும் கலங்கல் தெளியச் சில வாரங்கள் எடுக்கும்.

பிப்ரவரி முதல் மே வரை நல்ல காலம். அதிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: மார்ச் தாண்டினால் மதியத்துக்கு மேல் கடல்காற்று எழும், காலையில் கண்ணாடி மாதிரி கிடந்த கடல் மாலையில் குட்டிக் குட்டி அலையாக நுரைத்துக்கொண்டிருக்கும், நாம் கிளம்புகிற நேரமும் அதுதான். ஆகவே காலை நிலவரத்தை வைத்து மாலையை முடிவு செய்யாதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தண்ணீர் சில நாள் அருமையாகத் தெளிந்திருக்கும், ஆனால் உள்மாவட்டங்களில் உருவாகிற இடிமழை மாலையிலும் முன்னிரவிலும் கடற்கரைப் பக்கம் நகர்ந்து வருவது அந்த மாதங்களின் வழக்கம். மேற்கே மின்னல் வெட்டினால் படகு ஏறவே வேண்டாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் துறைமுகத்தில் நிற்கும் என்பதால் இரவில் கடலில் நடமாட்டம் குறைவு, இது நமக்கு நல்லது. ஆனால் ஃபைபர் படகுகள் வலை போடும், கடல் காலி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஹைதராபாதிலிருந்து இயங்குகிற, கடல் தகவல் தருகிற மத்திய அரசு மையமான இன்காய்ஸ் (INCOIS) அலை உயரம், நீரோட்டம், காற்று மூன்றுக்கும் முன்னறிவிப்பு வெளியிடுகிறது. முந்தின நாளும், கிளம்புகிற அன்று மதியமும் அதைப் பாருங்கள். கடலூர், புதுச்சேரி துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருந்தால் பேச்சே இல்லை, முதல் எண் கூண்டாக இருந்தாலும் சரி. நீரோட்டத்தைப் பொறுத்தவரை, பிப்ரவரி தொடங்கி கோடை முழுக்கப் பெரும்பாலும் வடக்கு நோக்கி ஓடும், அக்டோபருக்கு மேல் தெற்கு நோக்கித் திரும்பிவிடும். படகை விட்டு விலகிப்போனால் காலாப்பட்டு பக்கம் போவோமா கடலூர் பக்கம் போவோமா என்பது இதில்தான் இருக்கிறது. இந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு உண்மையில் எப்படி ஓடுகிறது என்று படகுக்காரரிடம் கேளுங்கள், அவர் நங்கூரக் கயிறு இழுபடுகிற திசையைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

நிலவு? முதல் தடவைக்குப் பௌர்ணமியை ஒட்டிய நாட்கள் எனக்குப் பிடிக்கும். மேலே வந்தால் படகும் அலையும் ஆட்களும் கண்ணுக்குத் தெரிவார்கள், மனசுக்கு அது பெரிய தெம்பு. தண்ணீரில் மின்னுகிற நுண்ணுயிர்களைப் பார்க்க அமாவாசை இருட்டுதான் நல்லது, அதை இரண்டாவது மூன்றாவது டைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டைவ் சென்டரில் கேட்க வேண்டியது

இரவு டைவ் எல்லா நாளும் நடக்கிற விஷயம் இல்லை. முதலில் போன் செய்து, அவர்கள் இரவு டைவ் வழக்கமாக அழைத்துப் போகிறார்களா என்று கேளுங்கள். ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை பேர்? புதியவர்கள் இரண்டு பேருக்கு மேல் என்றால் நான் போக மாட்டேன். நாம் தண்ணீருக்குள் இருக்கும்போது படகில் யார் இருப்பார், அவருக்கு வேறு வேலை எதுவும் இல்லாமல் தண்ணீரை மட்டும் கவனிப்பாரா? ஆக்ஸிஜன் கிட் படகிலேயே இருக்கிறதா, கடையில் இருக்கிறதா? டைவ் நோய்க்குச் சிகிச்சை தருகிற உயர் அழுத்த அறையான ஹைபர்பேரிக் சேம்பர் அருகில் எங்கே, அங்கே யாரைக் கூப்பிட வேண்டும்? இரவில் படகு எடுக்க அனுமதியும் தகவலும் யாருக்குக் கொடுத்திருக்கிறார்கள்? இந்தியக் கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554, இது படகுக்காரரின் போனிலும் உங்கள் போனிலும் இருக்க வேண்டும்.

டைவ் கொடி இருட்டில் யாருக்கும் தெரியாது. கப்பல் விதிகளின்படி, ஆட்களைத் தண்ணீருக்குள் இறக்கியிருக்கிற படகு மேலிருந்து கீழாகச் சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று மூன்று விளக்கு காட்ட வேண்டும். அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னொரு கேள்வியை யாரும் கேட்பதில்லை: திரும்பி வரும்போது முகத்துவாரம் எப்படி இருக்கும்? தேங்காய்த்திட்டு பக்கத்தில் முகத்துவாரம் மணல் சேர்ந்து மேடாவது பழைய பிரச்சினை. ஓதம் வற்றியிருக்கிற நேரத்தில் அங்கே அலை உடையும். பகலில் உடைகிற அலையைப் பார்த்து ஓட்டுகிறவர் இரவில் சத்தத்தை வைத்து ஓட்ட வேண்டும். எத்தனை மணிக்கு உள்ளே வரலாம் என்று படகுக்காரர் சொல்கிற நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் டைவ் நேரத்தை முடிவு செய்ய வேண்டும். இதற்கெல்லாம் தெளிவான பதில் வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

சாமான்கள்

டார்ச்சில்தான் எல்லாம். ஆளுக்கு இரண்டு வேண்டும்: கையில் ஒன்று, பிசிடி பாக்கெட்டில் மாற்று ஒன்று. பெரிய டார்ச் 1000 லூமென் (வெளிச்சத்தின் அளவு) இருந்தால் தாராளம். அதைவிட முக்கியம் ஒளிக்கற்றையின் அகலம். நம் கடலில் துகள் அதிகம், அகலமாகப் பரவுகிற வெளிச்சத்தை அடித்தால் மார்கழிப் பனியில் பண்ருட்டி ரோட்டில் ஹை பீம் போட்ட மாதிரி வெள்ளைத் திரைதான் தெரியும். குறுகலான கற்றை துகளைத் தாண்டிப் போகும், சைகை காட்டவும் அதுதான் வசதி. அன்றைக்குக் காலையிலேயே முழு சார்ஜ் போட்டு, மூடியில் இருக்கிற ஓ ரிங் என்கிற ரப்பர் வளையத்தைக் கழற்றி, ஒரு மணல் துணுக்கோ முடியோ இல்லாமல் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவி மாட்டுங்கள். ஒரே ஒரு முடி போதும், தண்ணீர் உள்ளே போக. சில டார்ச்சுகள் தண்ணீருக்கு வெளியே நீண்ட நேரம் எரிந்தால் சூடாகிவிடும், அவற்றைத் தண்ணீரில் இறங்குவதற்குச் சற்று முன்னால்தான் எரியவிட வேண்டும். மணிக்கட்டில் கயிறு மாட்டியிருக்கட்டும்.

சிலிண்டர் வால்வில் கட்டுகிற சின்ன விளக்கு ஒன்று, ஒவ்வொருவருக்கும் வேறு வேறு நிறமாக இருந்தால் யார் எங்கே என்று தெரியும். திரை வெளிச்சத்தோடு டைவ் கம்ப்யூட்டர், காம்பஸ், விசில், வலை அறுக்கிற கட்டர், நாம் இருக்கிற இடத்தைப் படகுக்குக் காட்டுகிற ஆரஞ்சு நிற எஸ்எம்பி பலூன் ஒன்று. மேலே வந்தபிறகு பலூனை ஊதி அதன் உள்பக்கமாக டார்ச் அடித்தால் முழுக் குழாயும் விளக்காக எரியும், தூரத்துப் படகுக்கும் தெரியும்.

வெட்சூட் 3 மில்லிமீட்டர் போதும், கோடையில் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஏறி வந்தபிறகு ஈர உடம்பில் காற்று அடிக்கும்போது நடுங்கும். துண்டு, காய்ந்த சட்டை, ஒரு விண்ட்சீட்டர் படகில் வைத்துக்கொள்ளுங்கள். முழுக்கை உடை கட்டாயம், சொறிமீன் உரசினால் தெரியும் ஏன் என்று.

அன்றைய பகல்

இரவில் இறங்கப் போகிற இடத்தில் அதே நாள் பகலில் ஒரு டைவ் செய்யுங்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள். நங்கூரக் கயிறு எங்கே தரையைத் தொடுகிறது, அங்கிருந்து பாறை எந்தத் திசையில், இரண்டுக்கும் நடுவில் எத்தனை ஃபின் அடி, எங்கே பழைய வலை சிக்கிக் கிடக்கிறது, எந்தப் பொந்தில் பாம்பு மாதிரி நீளமான அஞ்சாலை மீன் தலையை நீட்டிக்கொண்டிருக்கிறது எல்லாவற்றையும் பார்த்து வைத்து, மேலே வந்ததும் சிலேட்டில் கோடு போட்டு வரைந்துவிடுங்கள். இரவில் அந்த வரைபடம் மனசுக்குள் ஓடும்.

ஆழம் 12 மீட்டருக்குள் இருக்கிற இடமாகக் கேளுங்கள். டெம்பிள் ரீஃப் என்கிற செயற்கைப் பாறைத் திட்டு பிரபலம், ஆனால் அது சுமார் 18 மீட்டர், ஓப்பன் வாட்டர் சான்றிதழின் எல்லையே அதுதான். முதல் இரவிலேயே எல்லையில் போய் நிற்க வேண்டியதில்லை. இன்னும் தள்ளி இருக்கிற ஆழமான சரிவுகளை இப்போதைக்கு நினைக்கவே வேண்டாம்.

மதியம் லேசாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள். படகு ஆட்டம் ஒத்துக்கொள்ளாதவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை வாங்கி, கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். இந்த மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும், ஆகவே வேறொரு நாள் கரையில் போட்டுப் பார்த்து உடம்பு எப்படி எடுத்துக்கொள்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் கடலுக்குப் போட வேண்டும். அப்புறம் புதுச்சேரி என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: முந்தின இரவிலிருந்தே மது வேண்டாம். நண்பர்கள் கூட்டமாக வந்திருந்தால் பாட்டிலைத் திறப்பது மறுநாளைக்குத் தள்ளிப்போகட்டும். மது உடம்பில் தண்ணீரை வற்ற வைக்கும், மேலே ஏறும்போது அழுத்தம் குறைந்து உடம்புக்குள் வாயு குமிழியாகிற டிகம்ப்ரஷன் நோய்க்கு அதுவே ஒரு காரணமாகலாம்.

படகில்

மார்ச், ஏப்ரலில் சூரியன் ஆறு இருபதை ஒட்டி மறையும். அதற்கு முன்பே இடத்துக்குப் போய், வெளிச்சம் இருக்கும்போதே சிலிண்டர் மாட்டி, ரெகுலேட்டரில் மூச்சு இழுத்துப் பார்த்து, ஒருவரை ஒருவர் பரிசோதித்து முடித்துவிட வேண்டும். இருட்டில் படகு ஆடும்போது கொக்கி தேடுகிற வேலை கூடாது. முதல் டைவை அந்தி மங்குகிற நேரத்திலேயே தொடங்குங்கள். இறங்கும்போது கொஞ்சம் வெளிச்சம் இருக்கும், கீழே இருக்கும்போது மெல்ல இருட்டும், பகல் மீன்கள் பொந்துக்குப் போவதையும் இரவு மீன்கள் புறப்படுவதையும் ஒன்றாகப் பார்க்கலாம்.

நம் கரையில் சூரியன் நிலத்துப் பக்கம் மறைகிறது, கடல் பக்கம்தான் முதலில் இருட்டும். நகரத்து விளக்குகள் மேற்கே வரிசையாக எரிய ஆரம்பித்துவிடும், கலங்கரை விளக்கமும் சுழலும். காம்பஸில் 270 என்றால் கரை. எல்லோரும் ஒருமுறை திரும்பிப் பார்த்து இதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சைகைகளை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். டார்ச்சால் தரையில் மெதுவாகப் பெரிய வட்டம் போட்டால் சரி. இடமும் வலமும் வேகமாக ஆட்டினால் ஆபத்து, என்னைப் பார். மேலும் கீழுமாக மெதுவாக ஆட்டினால் ஏதோ சரியில்லை. கை சைகை காட்ட வேண்டுமென்றால் டார்ச்சை உங்கள் கையின் மேலேயே அடித்துக் காட்டுங்கள். யார் முகத்திலும் அடிக்காதீர்கள், இருட்டுக்குப் பழகிய கண் ஒரு நொடியில் குருடாகும், திரும்பப் பழக 20, 30 நிமிஷம் ஆகும்.

காற்றுக் கணக்கையும் படகிலேயே போடுங்கள். நாம் வழக்கமாக எடுக்கிற அலுமினிய சிலிண்டர் சுமார் 11 லிட்டர், அழுத்தம் 200 பார் (கேஜில் காட்டுகிற அலகு) என்றால் உள்ளே ஏறக்குறைய 2200 லிட்டர் காற்று. கரையில் நிமிஷத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறவர், 12 மீட்டரில் அழுத்தம் 2.2 மடங்கு என்பதால் 44 லிட்டர் இழுப்பார். 80 பாரில் மேலே ஏறத் தொடங்குவது என்று வைத்தால் நம் கையில் இருப்பது 120 பார், அதாவது 1320 லிட்டர், அது 30 நிமிஷத்துக்கு வரும். அதே ஆள் 18 மீட்டருக்குப் போனால் 23 நிமிஷம்தான். முதல் இரவில் படபடப்பில் மூச்சு வேகமாகி நிமிஷத்துக்கு 30 லிட்டர் ஆகிவிட்டால் 12 மீட்டரிலேயே 20 நிமிஷத்தில் முடிந்துவிடும். அதனால் திட்டம் இப்படி இருக்கட்டும்: 130 பாரில் திரும்பு, 80 பாரில் ஏறு, அல்லது 30 நிமிஷம், எது முதலில் வருகிறதோ அது. 50 பாரோடு படகில் ஏற வேண்டும்.

இறங்குதல்

எல்லோரும் தண்ணீரில் இறங்கி நங்கூரக் கயிற்றுக்கு வந்து, டார்ச் எரிகிறதா என்று பார்த்து, வட்டம் போட்டு, அப்புறம் ஒன்றாகக் கால் கீழே இருக்கிற மாதிரி இறங்க வேண்டும். ஒரு கை கயிற்றில் இருக்கட்டும். தரையும் தெரியாமல் மேலும் தெரியாமல் நடுவில் இருக்கிற அந்த ஒன்றிரண்டு நிமிஷம்தான் முதல் தடவை போகிறவர்களுக்குக் கஷ்டமான பகுதி, சிலருக்குத் தலை சுற்றும், இறங்குகிறோமா ஏறுகிறோமா என்றே தெரியாது. கயிறு கையில் இருந்தால் அது போய்விடும். கயிறு இல்லாத நேரத்தில் கம்ப்யூட்டரில் ஆழத்தைப் பாருங்கள், டார்ச்சை மாஸ்க் பக்கத்தில் பிடித்து உங்கள் குமிழி எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள், அதுதான் மேலே.

5 மீட்டரில் நிறுத்தி எல்லோரும் சரியா என்று கேளுங்கள். காது எடுக்கவில்லை என்றால் கொஞ்சம் ஏறி மறுபடி முயலுங்கள், அவசரம் கிடையாது. தரைக்கு ஒரு மீட்டர் மேலேயே பிசிடியில் காற்று ஏற்றி நின்றுவிட வேண்டும். மண்டிபோட்டு உட்காரக் கூடாது, மணலுக்குள் திருக்கை புதைந்திருக்கும், பாறையில் கடல் முள்ளெலியும், கல்லோடு கல்லாகக் கல்மீனும் இருக்கலாம். மண் கிளம்பினால் பார்வையும் போச்சு.

கீழே

முதல் சில நிமிஷம் எங்கேயும் போகாதீர்கள். கயிற்றுப் பக்கத்திலேயே மிதந்துகொண்டு, மூச்சை நீளமாக வெளியே விட்டு, மூச்சு சீராகிற வரை ஒரே பாறையைப் பாருங்கள். பாதிப் பேருக்கு இந்த இடத்திலேயே பயம் கரைந்துவிடும், ஏனென்றால் அந்த ஒரு பாறையிலேயே பார்க்க அவ்வளவு இருக்கும். விரிசலுக்குள் டார்ச் பட்டதும் சிவப்பாக மின்னுகிற புள்ளிகள் இறாலின் கண்கள். கொஞ்சம் பெரிதாக, நீளமான மீசை வெளியே ஆடினால் சிங்கி இறால்.

அப்புறம் மெதுவாக நகருங்கள், பகலில் போனதில் பாதி தூரம் போனால் போதும். டார்ச்சை அலைபாயவிடாமல் நிதானமாகக் கொண்டுபோங்கள், ஏனென்றால் கூட வருகிறவர் உங்கள் வெளிச்சத்தின் அசைவைப் பார்த்துத்தான் நீங்கள் நிம்மதியாக இருக்கிறீர்களா என்று தெரிந்துகொள்கிறார். ஒருவருடைய வெளிச்சம் இன்னொருவர் பார்வையில் எப்போதும் இருக்க வேண்டும்.

பகலில் பொந்தில் கிடந்த அஞ்சாலை இப்போது வெளியே நீந்தி இரை தேடும். வழிவிடுங்கள், தொட வேண்டாம். கணவாய் டார்ச் வெளிச்சத்துக்கு வரும், நிறம் மாறி மாறிக் காட்டிவிட்டுப் பின்பக்கமாகப் பாயும். பேய்க்கணவாய் பாறையின் மேல் ஊர்ந்துபோவதைப் பகலில் பார்ப்பது அரிது, இரவில் வாய்ப்பு அதிகம். களவா பாறை இடுக்கில் அசையாமல் நிற்கும். கிளிமீன் இனங்களில் சில தன்னைச் சுற்றிச் சளிப் போர்வை ஒன்றைச் சுரந்து அதற்குள் தூங்கும், அதன் மேல் நீண்ட நேரம் வெளிச்சம் அடித்து எழுப்பாதீர்கள். இருட்டில் எழுந்து ஓடுகிற மீன் பாறையில் மோதிக்கொள்ளும், அல்லது எதற்காவது இரையாகும். லயன் ஃபிஷ் ஒரு விஷயத்தில் கெட்டிக்காரன்: நம் டார்ச்சில் சிக்குகிற சின்ன மீனைப் பிடிக்க நம் பின்னாலேயே வரும். அதன் முதுகு முள்ளில் விஷம் இருக்கிறது, கையைத் தள்ளி வையுங்கள். அதுவோ கல்மீனோ திருக்கையோ குத்திவிட்டால் டைவை முடித்துவிட்டு மேலே வந்து, பொறுக்கிற அளவு சூடான, 45 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீரில் அந்த இடத்தை வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதற்காகவே படகில் ஒரு பிளாஸ்க்கில் வெந்நீர் எடுத்துப்போங்கள்.

நிலவு குறைந்த நாளாக இருந்தால், இன்ஸ்ட்ரக்டர் சரி என்றால், எல்லோரும் ஒன்றாகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு டார்ச்சை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்து வெளிச்சத்தை மறைத்துவிட்டுக் கையை வீசிப் பாருங்கள். அணைக்க வேண்டாம், மறைத்தால் போதும், திரும்ப எரியுமா என்ற கேள்வியே வராது. தண்ணீரில் நுண்ணுயிர்கள் இருந்தால் விரல் போகிற வழியெல்லாம் நீலப் பொறி பறக்கும். 2019 ஆகஸ்டில் சென்னைக் கரையில் அலையே நீலமாக மின்னி ஊரே போய்ப் பார்த்ததே, அந்த வகை உயிர்கள்தான்.

ஏதாவது தவறினால்

டார்ச் அணைந்தால் மாற்று டார்ச்சை எடுங்கள், கூட வருகிறவருக்குக் காட்டுங்கள், டைவ் அத்தோடு முடிந்தது. மாற்று டார்ச் வைத்துக்கொண்டு தொடர்வது கிடையாது, அது வீட்டுக்கு வருவதற்கான டார்ச்.

கூட வந்தவரைக் காணவில்லை என்றால் முதலில் உங்கள் டார்ச்சை நெஞ்சில் ஒட்டிப் பிடித்து இருட்டாக்கி, மெதுவாக ஒரு முழுச் சுற்று திரும்பி வேறு வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். அப்புறம் டார்ச்சை வெளியே எடுத்து ஒரு சுற்று. ஒரு நிமிஷம்தான், அதற்கு மேல் தேடாமல் ஏறுங்கள், அவரும் மேலே வருவார். இதைப் படகிலேயே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

வலையில் சிக்கினால் திரும்பாதீர்கள், உதறாதீர்கள், இரண்டும் இன்னும் சுற்றிக்கொள்ளத்தான் உதவும். அப்படியே நின்று, மூச்சைச் சீராக்கி, டார்ச்சை ஆட்டி மற்றவரைக் கூப்பிடுங்கள். பெரும்பாலும் சிலிண்டர் வால்வில்தான் மாட்டியிருக்கும், அது உங்கள் கைக்கு எட்டாது, அவருடைய கைக்கு எட்டும். பயம் வந்தால் அதற்கும் ஒரே வழிதான்: நில், மூச்சை வெளியே விடு, எதையாவது பிடி, கயிற்றுக்குத் திரும்பு. காரணம் எதுவும் சொல்லாமல் கட்டைவிரலை உயர்த்தி டைவை முடிக்கிற உரிமை ஒவ்வொருவருக்கும் இருக்கிறது, யாரும் கேள்வி கேட்கக் கூடாது.

ஏறுதல்

நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாதீர்கள். இருட்டில் வேகம் தெரியாது, ஆகவே கயிறும் கம்ப்யூட்டரும்தான் கணக்கு. 5 மீட்டரில் மூன்று நிமிஷம் நில்லுங்கள். டார்ச்சை மேல்நோக்கிப் பிடித்து, ஒரு கையை உயர்த்தி, மோட்டார் சத்தம் கேட்கிறதா என்று கவனித்தபடி வெளியே வாருங்கள். வந்ததும் பிசிடியை ஊதுங்கள், டார்ச்சால் படகுக்கு ஒரு பெரிய வட்டம் காட்டுங்கள். ஏணிக்குக் கீழே யாரும் காத்திருக்கக் கூடாது, சிலிண்டரோடு ஏறுகிறவர் வழுக்கினால் தலையில்தான் விழுவார். எண்ணிக்கை எடுக்காமல் படகு நகரக் கூடாது, பெயர் சொல்லி, பதில் வாங்கி எண்ண வேண்டும்.

பிறகு

ஈரத்தை மாற்றி, தண்ணீர் குடித்து, கரைக்கு வந்து சூடாக ஏதாவது சாப்பிடுங்கள். மூட்டுவலி, தோலில் அரிப்பு, மரத்துப்போதல், வழக்கத்துக்கு மாறான களைப்பு இதில் எது வந்தாலும் "தூங்கினால் சரியாகிவிடும்" என்று விடாமல் அந்த இரவே டைவ் சென்டருக்கு போன் செய்து மருத்துவமனைக்குப் போங்கள், ஆக்ஸிஜன்தான் முதல் சிகிச்சை.

பகலில் ஒன்று இரவில் ஒன்று என்று இரண்டு டைவ் செய்திருப்பதால் விமானத்துக்கு 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். மலைக்கும் இதே கதைதான்: நாளைக்குக் காலையில் அப்படியே ஏற்காடு போகலாம் என்று நினைத்தால், அது சுமார் 1500 மீட்டர் உயரம், ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். ஈசிஆரில் பேருந்து பிடித்துச் சென்னைக்கோ கடலூருக்கோ போகிறவர்களுக்கு இந்தத் தடை எதுவும் இல்லை, ஆனால் களைப்போடு நீங்களே வண்டி ஓட்டாதீர்கள், இரவு தங்கிவிட்டுக் காலையில் கிளம்புங்கள்.